நகரவும் வேண்டும், அசையவும் கூடாது

தொட்டியம் மதுரகாளியம்மன் கோயிலின் பங்குனித் தேர்களுக்குச் சக்கரம் கிடையாது. திரளான மக்கள் தோள் கொடுத்துத் தூக்கிச் செல்கிறார்கள். அதே ஊரில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு அத்தனை தோள்கள் கிடைப்பதில்லை. உதவிக்கு ஓர் ஆள் இருந்தால் அதுவே பெரிது. அவரிடம் 200 கிலோ எடையுள்ள இழைப்பு இயந்திரம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

அதை ஏன் நகர்த்த வேண்டும்? 10 அடி நீளமுள்ள நிலைச்சட்டத்தை இழைக்க, இயந்திரத்திற்கு முன்னால் 10 அடியும் பின்னால் 10 அடியும் இடம் வேண்டும். பட்டறையின் நீளமோ 15 அடி. எனவே பகலில் இயந்திரம் வாசலுக்கு வர வேண்டும். இரவில் உள்ளே போய்க் கதவைப் பூட்ட வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், அதை ஏற்றி வைக்கும் மேசைக்குச் சக்கரம் வேண்டும்.

மேசையின் இரும்புச் சட்டம் 60 கிலோ. மொத்தம் 260 கிலோ. இரும்புக் கால்களோடு சிமெண்டுத் தரையில் இழுத்தால், உராய்வுக் குணகம் 0.4 என்று கொண்டால், 104 கிலோ விசை தேவை. நல்ல சக்கரம் வைத்தால் வழவழப்பான தரையில் 5 கிலோ விசையே போதும். உருளும் பொருளுக்கு உராய்வு அவ்வளவு குறைவு.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கடையில் கிடைக்கும் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள நான்கு காஸ்டர் சக்கரங்களை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். வாசற்படியில் 1 சென்டிமீட்டர் மேடு இருந்தால் என்ன ஆகும்? நெம்புகோல் தத்துவப்படி கணக்கிட்டுப் பாருங்கள். இந்தச் சிறு சக்கரம் அம்மேட்டில் ஏற, தான் சுமக்கும் எடையைப் போல் 1.33 மடங்கு கிடைவிசை வேண்டும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்திற்கு 0.58 மடங்கு போதும். தேருக்கு ஆளுயரச் சக்கரம் வைத்த நம் முன்னோர் இதைச் சமன்பாடு எழுதாமலே அறிந்திருந்தார்கள்.

அடுத்தது, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு எடை தாங்க வேண்டும்? 260-ஐ நான்கால் வகுத்து 65 கிலோ என்று சொல்லத் தோன்றும். அது சரியன்று. எந்தத் தரையும் முழுச் சமமாக இராது. விறைப்பான சட்டத்தின் நான்கு சக்கரங்களில் ஒன்று தரையைத் தொடாமல் நிற்கும். புவியீர்ப்பு மையம் மேசையின் நடுவில் இருந்தால், அது எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு சக்கரங்களை இணைக்கும் கோட்டின் மேல் விழுகிறது. அப்போது அந்த இரண்டுமே முழு எடையையும் சுமக்கின்றன. மூன்றாவது சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறது! ஆகவே ஒவ்வொரு சக்கரமும் குறைந்தது 130 கிலோ தாங்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்து கவிழ்வது. இயந்திரத்தின் கனம் மேலே இருப்பதால் புவியீர்ப்பு மையம் 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கலாம். மேசையின் அகலம் 60 சென்டிமீட்டர். திரும்பும் சக்கரங்கள் உட்புறமாகத் திரும்பினால், நடுக்கோட்டிலிருந்து தரைத்தொடுகை வரை 26 சென்டிமீட்டரே மிஞ்சும். இது கவிழ, மையம் சுமார் 4.4 சென்டிமீட்டர் உயர்ந்தால் போதும். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நடை வேகத்தில், செல்லும் பொருளின் இயக்க ஆற்றல் அதை 6 சென்டிமீட்டர் உயர்த்த வல்லது. குறுக்காகத் தள்ளிச் செல்லும்போது ஒரு கல்லில் சக்கரம் முட்டி நின்றால், மோதலில் ஆற்றலின் ஒரு பகுதி வீணானாலும், 260 கிலோவும் முன்னே நிற்பவர் மேல் சாயக்கூடும். எனவே எப்போதும் நீளவாக்கிலேயே, மெதுவாகத் தள்ளுங்கள். சாயும் பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம்.

சரி, வாசலுக்கு வந்துவிட்டது. இப்போது அது அசையக் கூடாது. ரப்பர் சக்கரம் ஒரு சுருள்வில் போன்றது. சுழலும் கத்தியின் அதிர்வில் மேசையும் ஆடும், மரத்தில் அலை அலையாகத் தடம் விழும். கை வழுக்கினால் விரலுக்கும் ஆபத்து. தேரை நிறுத்தச் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுவது பழைய முறை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் செய்த இரும்புச் சக்கரங்களில் ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. காஸ்டரில் உள்ள பூட்டு சக்கரம் உருளாமல் தடுக்கும். ஆனால் ரப்பரின் துள்ளலைத் தடுக்காது.

என் கருத்தில் சிறந்த வழி, வேலை நேரத்தில் சக்கரத்திற்கு வேலையே கொடுக்காதது. மேசையை நான்கு இரும்புக் கால்களில் நிறுத்துங்கள். ஒரு முனையில் மட்டும், கால்களுக்கு 10 சென்டிமீட்டர் வெளியே, ஒரே அச்சில் இரண்டு பெரிய சக்கரங்களைப் பொருத்துங்கள். அவை தரைக்கு 3 மில்லிமீட்டர் மேலே நிற்கட்டும். மறுமுனையில் இழுத்து நீட்டக்கூடிய இரண்டு குழாய்க் கைப்பிடிகள் வையுங்கள். கைப்பிடியைத் தூக்கினால் சக்கரங்கள் தரையைத் தொடும், கால்கள் எழும்பும், மேசை கைவண்டியாகிவிடும். இறக்கினால் மீண்டும் மேசை.

தூக்க எவ்வளவு விசை? இயந்திரத்தைச் சக்கரப் பக்கமாகத் தள்ளிப் பொருத்தி, புவியீர்ப்பு மையம் அச்சிலிருந்து 40 சென்டிமீட்டரில் இருக்கச் செய்யுங்கள். கைப்பிடி அச்சிலிருந்து 200 சென்டிமீட்டரில் இருந்தால், 260 × 40 ÷ 200 = 52 கிலோ. இரண்டு பேருக்கு ஆளுக்கு 26. ஆசாரியும் உதவியாளரும் போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை: கைப்பிடியை 1 மீட்டர் அளவுக்கு உயர்த்தினால் மேசை ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து, மையம் அச்சுக்கு நேர் மேலே வந்துவிடும். அதற்கு மேல் உங்கள் கையில் இல்லை. கால்கள் தரையை விட்டு ஒரு சாண் எழும்பினாலே போதும்.

நான்கு கால்களிலும் ஒரு போல்ட்டைத் தலைகீழாகப் பொருத்தி, நட்டைத் திருகி உயரம் சரிசெய்ய வழி வையுங்கள். மூன்று கால்கள் தாமாகவே தரையில் அமரும். நான்காவதை மட்டும் திருகினால் ஆட்டம் நின்றுவிடும்.

நகர்த்துமுன் மின்கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். கம்பி மேல் சக்கரம் ஏறினால் உறை நசுங்கி, இரும்புச் சட்டம் முழுவதிலும் மின்சாரம் பாயலாம். மேசைச் சட்டத்திற்கும் எர்த் கம்பி கொடுத்து, அது இயங்குகிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்த பின்பே முதல் பலகையை உள்ளே விடுங்கள்.