ஹெல்சின்கி - டோக்கியோ: தூரம் அதேதான்… பயணம் மட்டும் 9 மணியிலிருந்து 13 மணி நேரமானது ஏன்?

இரண்டு ஏர்போர்ட்டுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று தேடினால் நொடியில் ஓர் எண் வந்துவிடும். பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோவுக்கு (நரிட்டா) சுமார் 7,800 கி.மீ. விமானம் மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் போகும் என்று வைத்தால், ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கணக்கு சரிதான். ஆனால் டிக்கெட்டில் 13 மணி நேரம்னு இருக்கும். மீதி நேரம் எங்கிருந்து வந்துச்சு?

அந்த 7,800 என்ன கணக்கு?

ஓர் உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய தூரம் அது. இந்த நூல் பெரும்பாலும் ரஷ்யாவின் சைபீரியா மேல்தான் போகும். 2022 தொடக்கம் வரை விமானங்களும் ஏறக்குறைய அப்படியே போயின.

2022-ல் என்ன ஆச்சு?

பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது.

அதிகம் அடிபட்டது பின்லாந்தின் ஃபின்ஏர். ‘ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குக் குறுக்கு வழி ஹெல்சின்கிதான்’ என்பதே அதன் பிசினஸ். அந்தக் குறுக்கு வழி ரஷ்யா வழியாக இருந்ததுதான் சிக்கல்.

இப்போ எப்படிப் போறாங்க?

இரண்டு வழி. ஒன்று, வட துருவத்தைத் தாண்டி, அலாஸ்கா பக்கம் இறங்கி, பசிபிக் மேல் ஜப்பான். இன்னொன்று, தெற்கே சுற்றி மத்திய ஆசியா, சீனா வழியாக. எந்த வழி என்பதை அன்றைய காற்றும் பார்த்து முடிவு செய்வார்கள். 13 மணி நேரம் பறந்தால் சுமார் 11,000 கி.மீ. ஆகிறது. கூடுதல் தூரத்துக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும், பணியாளர்களுக்கும் வேலை நேரம் கூடும். செலவு ஏறாமல் இருக்குமா?

சீன விமான நிறுவனங்களுக்கு இந்தத் தடை இல்லை. அவை ஐரோப்பாவுக்கு இன்றும் ரஷ்யா மேல்தான் பறக்கின்றன. அதனால் போட்டியும் சமமாக இல்லை.

இது புதுசா?

இல்லை! 1983-ல் ஃபின்ஏர் முதன்முதலாக டோக்கியோவுக்கு நிற்காமல் பறந்தபோதும் துருவ வழிதான், அப்போதும் ஏறத்தாழ 13 மணி நேரம்தான். காரணம், சோவியத் வான்வெளியைத் தவிர்க்க வேண்டியிருந்தது. சைபீரிய வழி பிறகுதான் திறந்தது. விமானங்கள் எவ்வளவோ முன்னேறியும், பயண நேரம் நாற்பது வருஷம் பின்னால் போய்விட்டது.

டிக்கெட் போடும்போது…

தேடலில் வரும் தூரத்தை வைத்துப் பயண நேரத்தை முடிவு செய்யாதீர்கள். புறப்படும் நேரம், சேரும் நேரம் இரண்டும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும். குளிர்காலத்தில் ஹெல்சின்கியைவிட டோக்கியோ 7 மணி நேரம் முன்னால். மாலை 5.30-க்குக் கிளம்பினால், மறுநாள் மதியம் 1.30-க்கு இறங்குவீர்கள். பார்க்க 20 மணி நேரம் மாதிரி தெரியும். 7-ஐக் கழித்தால் 13. கோடையில் 6-ஐக் கழித்தால் போதும்.

கனெக்டிங் ஃபிளைட் இருந்தால், இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்துவிட்டு புக் பண்ணுங்க.