வாண்டுமாமா: எடைக்குப் போன எழுத்து

தஞ்சைச் சரசுவதி மகாலில் நூற்றாண்டுகள் பழைமையான ஓலைச்சுவடிகள் பெயரும் எண்ணும் இடப்பெற்றுக் காக்கப்படுகின்றன. அதே தஞ்சைத் தரணியில் 1980களில் பிள்ளைகள் போட்டியிட்டுப் படித்த சிறுவர் இதழ்களோ எடைக்குப் போடப்பெற்று, மளிகைக்கடைப் பொட்டலங்களாகிப் போயின. அவ்விதழ்களுக்காகவே வாழ்நாளெல்லாம் உழைத்த எழுத்தாளர் ஒருவரை இங்கு நினைவுகூர விழைகின்றோம்.

காவிரிச் சமவெளியின் தென்மேற்கே, வானம் பார்த்த புதுக்கோட்டைச் சீமையில் உள்ளது அரிமளம். அங்கு 1925இல் பிறந்தவர் வி. கிருஷ்ணமூர்த்தி. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் இராயவரமும் அதே திருமயம் வட்டாரத்து ஊரே. வயல் வளம் குறைந்த அம்மண் சிறுவர் இலக்கியத்தில் நம்மை விஞ்சிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்!

பெரியவர்களுக்கு எழுதுங்கால் அவர் 'கௌசிகன்', சிறுவர்க்கு 'வாண்டுமாமா'. பின்னைய பெயரைச் சூட்டியவர் ஓவியர் மாலி என்பர். 'கல்கி' நிறுவனத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய அவர், 1972இல் தொடங்கப்பெற்ற 'கோகுலம்' இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1984இல் 'பூந்தளிர்' தோன்றியபோது அதனையும் அவரே நடத்தினார். காக்கை காளியும் வேட்டைக்கார வேம்பும் தமிழ் பேசியது அவ்விதழில்தான். அதில் வந்த சுப்பாண்டியின் வரலாறு சுவையானது. திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பிய நாட்டுப்புறக் கதைகளிலிருந்து ஆங்கில இதழொன்றில் உருவெடுத்த அவன், 'பூந்தளிர்' வழியே தாய்வீடு திரும்பினான்.

'ஷீலாவைக் காணோம்' போன்ற சிறுவர் நாவல்கள், 'ஓநாய்க்கோட்டை', 'கனவா நிஜமா' முதலிய படக்கதைகள், 'தோன்றியது எப்படி' போன்ற அறிவு நூல்கள் என அவர் படைத்தவை நூற்றைம்பதுக்கும் மேல். துப்பறியும் கதையாயினும் மாயாஜாலக் கதையாயினும் அவரது நடை தெளிந்த நடை. அகராதியைத் தேட வைக்காத தமிழ். அறிவுரையைக் கதையின் வாலில் முடிச்சுப் போடும் வழக்கம் அவரிடம் குறைவு. பிள்ளைகள் அவரை நாடியதற்கு இதுவே காரணம் எனக் கருதுகின்றோம்.

ஆயினும் நாவல் இலக்கிய வரலாறு பேசும் நூல்களில் அவரைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே எஞ்சுகிறது. சிறுவர் எழுத்தாளனுக்கு நேரும் தனித்துயர் இது. அவனது வாசகர்கள் ஆண்டுதோறும் வளர்ந்து அவனைக் கடந்து செல்கின்றனர். வளர்ந்தபின் 'வாண்டுமாமா' என்னும் பெயர் நினைவில் நிற்கும், கிருஷ்ணமூர்த்தி யாரெனத் தெரியாது. இதழில் வெளிவந்த தொடர்களோ நூலுருப் பெற்றால்தான் பிழைக்கும். வானதி பதிப்பகம் அவருடைய நூல்கள் பலவற்றை வெளியிட்டதனால் ஒரு பகுதி தப்பியது.

1990ஐ ஒட்டிப் 'பூந்தளிர்' நின்றது. முதுமையில் தொண்டைப் புற்றுநோய் அவரது குரலைப் பறித்தது. எத்தனையோ பிள்ளைகளுக்குக் கதை சொன்னவர், பேச இயலாத நிலையிலும் எழுதினார். தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் இட்ட பெயர் 'எதிர்நீச்சல்'. 2014 ஜூன் 12ஆம் நாள், தம் 89ஆம் வயதில் மறைந்தார்.

நம் மாவட்டத்து வீட்டுப் பரண்களில் பழைய 'பூந்தளிர்', 'கோகுலம்' கட்டுகள் இன்னும் சில இருக்கக்கூடும். மாணவர்கள் அடுத்த விடுமுறையில் ஏறிப் பார்க்கலாம். கறையான் நமக்காகக் காத்திருப்பதில்லை.