சொரியாசிஸ்: தோலின் தவறான எச்சரிக்கை

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். சென்ற முறை போனபோது வெக்கை தாங்காமல் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டேன். பக்கத்திலிருந்த ஐயா என் முழங்கையைப் பார்த்தார். மேலே வெள்ளைச் செதில், அடியில் சிவப்பு.

"தம்பி, இது ஒட்டுமோ?"

"ஒட்டாது ஐயா" என்றேன். என்றாலும் கொஞ்சம் தள்ளித்தான் இருந்துகொண்டார். கோபம் வரவில்லை. தோளோடு தோள் நிற்க வேண்டிய தொழுகை வரிசையிலேயே எனக்கு இது நடந்திருக்கிறது. இவர் கேட்டாவது பார்த்தார்.

சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்னும் இந்த நோய் கிருமி தின்பதால் வருவதில்லை. நம் தோலின் காவல்தான் ஆளை மாறிப் பிடிக்கிறது. பிறவியிலேயே உள்ள அந்தக் காவலை உள்ளார்ந்த நிர்ப்பீடனம் என்கிறோம். அதன் கண்களில் முக்கியமானவை 'டோல்' வகை வாங்கிகள். மனிதரில் பத்து உண்டு. முதலில் அகப்பட்டது பழ ஈயில்தான். டோல் இல்லாத ஈ பங்கசு தொற்றிச் செத்துப்போகிறது என்று பிரான்சில் ஹொஃப்மன் குழுவினர் 1996இல் காட்டினார்கள். 2011இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஒன்பதாம் வாங்கி கலத்தின் உள்ளறையில் இருக்கும். அங்கே வந்து சேரும் டி.என்.ஏ. வைரசினுடையது, பற்றீரியாவினுடையது என்று அது எடுத்துக்கொள்ளும். செத்த கலங்களின் டி.என்.ஏ. வெளியே கிடந்து சிதைந்துவிடும். சாதாரணமாக உள்ளே வராது. சொரியாசிஸில் வந்துவிடுகிறது. கிருமியைக் கொல்லத் தோல் சுரக்கும் எல்.எல்.-37 என்ற சிறு புரதம், நம் டி.என்.ஏ.யோடு ஒட்டிக்கொண்டு அதை உள்ளே கொண்டுபோகிறது. இது 2007இல் தெரியவந்தது.

நெடுந்தீவில் வளவுக்கு வேலி, சாந்தில்லாமல் அடுக்கிய பவளக்கல் மதில். தன் மதிலின் கல்லே சரிந்து விழுந்த சத்தத்துக்கு, மாடு புகுந்துவிட்டதென்று தடியோடு ஓடுகிற வீட்டுக்காரரை நினையுங்கள். வாங்கி செய்வதும் அதுதான். அது எழுப்பும் கூச்சலில் மற்ற நிர்ப்பீடனக் கலங்களும் திரள்கின்றன. கீழிருந்து மேலே வர ஒரு மாதம் எடுக்கும் தோற்கலம் சில நாளிலேயே வந்து செதிலாய்க் குவிகிறது. ஏழாம் வாங்கியைத் தூண்டும் இமிகுவிமொட் என்ற களிம்பை மருவுக்குப் பூசிய சிலருக்கும் சொரியாசிஸ் கிளம்பியிருக்கிறது.

உரசுகிற, காயப்படுகிற இடத்தில் புதிதாக வருவதையும் இது ஓரளவு விளக்குகிறது. காயம் பட்டால் அந்தப் புரதமும் செத்த கலங்களும் ஒரே இடத்தில் சேருமே! ஜேர்மன் வைத்தியர் கோப்னர் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த இயல்பைக் கவனித்தார். முழங்காலில் வந்தபின் நான் தடித்த விரிப்பில்தான் தொழுகிறேன். சொறிவதை நிறுத்துவதுதான் பெரிய பாடு.

பரம்பரையில் வரலாம், கைகொடுத்தால், ஒரே பாயில் இருந்தால் வராது. களிம்பு, ஒளிச் சிகிச்சை, ஊசி என்று அடக்கி வைக்க வழிகள் உண்டு. ஸ்டீரொயிட் குளிசையை மட்டும் கடையில் தானாக வாங்கிப் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தக்கூடாது. இரண்டு மடங்காய்க் கிளம்பும். காலையில் விரல் மூட்டு விறைத்து வலித்தாலும் பிந்தாமல் வைத்தியரிடம் போங்கள். மூட்டைப் பிடிப்பதும் இதே நோயாக இருக்கலாம்.