மோட்டார் ஓடினால் மட்டும் குளம் தெளியாது
வடசென்னை நீச்சல் குளங்களில் தண்ணீரும் மின்கட்டணமும்: ஒரு விளக்கம்

வீட்டு நீச்சல் குளத்தின் மின்செலவில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கருவி. தண்ணீரை இழுத்து, வடிகட்டி வழியாகத் தள்ளி, மறுபடி குளத்துக்கே விடும் மோட்டார் பம்ப் அது. தண்ணீர் கலங்கினால் மோட்டாரை இன்னும் சில மணி நேரம் ஓடவிடுவதுதான் வழக்கம். கலங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்: குளோரின் போதாமை, தண்ணீரின் காரத்தன்மை, காற்றில் வந்து விழும் தூசி. இந்த மூன்றையும் சரி செய்யாமல் மோட்டாரை எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் ஏறுவது கட்டணம் மட்டுமே. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் இந்த மூன்றுமே கொஞ்சம் கடுமையாக இருக்கும். தனி வீட்டுக் குளமானாலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக் குளமானாலும் கணக்கு ஒன்றுதான்.

காற்றில் வரும் அழுக்கு

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறக்கி ஏற்றப்பட்ட காலத்தில், ராயபுரம் வீடுகளில் கரும்பொடி படிவது அன்றாடத் தொல்லை. நீதிமன்ற உத்தரவை அடுத்து 2011 அக்டோபர் முதல் அந்தச் சரக்குகள் அங்கே நிறுத்தப்பட்டு, நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டாலும், வடசென்னை அனல் மின் நிலையமும் 1,500 மெகாவாட் திறன் கொண்ட வல்லூர் நிலையமும் இயங்குகின்றன. நிலக்கரித் தூள், உலர்சாம்பல், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் சாலைப் புழுதி எல்லாம் திறந்த நீர்ப்பரப்பில் வந்து விழுகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது துகளின் அளவு. உலர்சாம்பல் துகள்கள் 1 மைக்ரானுக்கும் கீழே தொடங்கி 100 மைக்ரான் வரை போகும். வழக்கமான மணல் வடிகட்டி பிடிப்பதோ ஏறத்தாழ 20 முதல் 40 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றைத்தான். அதைவிடப் பொடியானவை மணலுக்குள் நுழைந்து அப்படியே குளத்துக்குத் திரும்பிவிடும். அந்தக் கலங்கலை ஓட்டியே தெளியவைக்க முயல்வது வீண்.

அதற்குக் கைகொடுப்பது பழைய படிகாரம்தான். லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் அளவு போதும். 45,000 லிட்டர் குளத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள் வரும். பிஎச் அளவு 7.5-க்குள் இருக்கும்போது, படிகாரத்தை வாளியில் கரைத்துக் குளம் முழுக்கப் பரவலாக ஊற்ற வேண்டும். கலப்பதற்குச் சிறிது நேரம் மோட்டாரை ஓட்டிவிட்டு, இரவு முழுக்க நிறுத்திவைக்க வேண்டும். பொடித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுத் திரளாகிக் காலையில் தரையில் படிந்திருக்கும். அதை வேக்குவம் குழாயால் உறிஞ்சும்போது வடிகட்டியின் மல்டிபோர்ட் வால்வை ‘வேஸ்ட்’ நிலையில் வைத்து, மணலுக்குள் அனுப்பாமல் நேராக வெளியேற்றிவிடுவது நல்லது. மோட்டார் ஓடாமல் நடக்கும் தெளிவு இது.

குளத்தைப் பயன்படுத்தாத நேரத்தில் விரிப்பு போட்டு மூடினால் தூசி விழுவதும் தண்ணீர் ஆவியாவதும் குறையும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள குளத்தில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் இழப்பு 160 லிட்டர். தண்ணீர் மட்டுமே ஆவியாகும்; அதிலிருந்த உப்பு குளத்திலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும்.

எந்தத் தண்ணீர்?

மீஞ்சூர் பகுதி நிலத்தடி நீரில் கடல்நீர் புகுவது 1960-களின் இறுதியிலிருந்தே பதிவாகி வருகிறது. கடற்கரையோர போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் கூடுதலாக இருப்பது இப்பகுதியினர் அறிந்ததே. கடினத்தன்மையும் காரத்தன்மையும் மிகுந்த தண்ணீரில் பிஎச் மேலே ஏறப் பார்க்கும். சுண்ணாம்பு வெண்படலமாக டைல்ஸிலும், கட்டியாக வடிகட்டி மணலிலும் படியும். மணல் இறுகினால் மோட்டாருக்குச் சுமை கூடும். உப்புக் கூடினால் இரும்புப் பாகங்களும் படிக்கட்டுக் குழாய்களும் துருப்பிடிக்கும். குளத்தை முதலில் நிரப்பும்போது மெட்ரோ தண்ணீரோ, பரிசோதித்த லாரித் தண்ணீரோ பயன்படுத்தினால் பின்னால் வரும் பல செலவுகள் வராது.

அந்தத் தண்ணீரிலும் மின்சாரம் இருக்கிறது. காட்டுப்பள்ளியில் 2010 ஜூலையில் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் வடசென்னைக்குத் தண்ணீர் தருகிறது. எதிர்சவ்வூடு முறையில் 1,000 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கப் பொதுவாக 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். பேக்வாஷ் என்று சொல்லப்படும் வடிகட்டிக் கழுவலில் மூன்று நிமிடத்தில் 600 லிட்டர் போகிறது என்றால், அந்தத் தண்ணீர் வந்து சேர்வதற்கே ஏறத்தாழ 2 யூனிட் ஆகியிருக்கும்.

குளோரினின் வேலை

பாசியையும் கிருமிகளையும் கொல்வது வடிகட்டி அல்ல, குளோரின். தண்ணீரில் தனிக் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராமும், பிஎச் 7.2 முதல் 7.6 வரையும் இருந்தால் குளம் பச்சையாக மாறாது. பிஎச் 7.5 அளவில் குளோரினில் ஏறத்தாழ பாதி வீரியமுள்ள வடிவில் இருக்கும்; 8 ஆகும்போது கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அதே அளவு மருந்து, பாதி வேலை. பிஎச் ஏறினால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குறைக்கிறார்கள். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிளீச்சிங் பவுடரும் அமிலமும் ஒன்று சேர்ந்தால் நச்சு வாயு எழும். இரண்டையும் ஒரே வாளியில் கலப்பதோ அருகருகே வைப்பதோ ஆபத்து.

எளிதில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடரில் 30 சதவீதம் அளவுக்கே குளோரின் உண்டு. மீதியில் சுண்ணாம்பும் இருக்கும். 45,000 லிட்டர் குளத்தில் குளோரினை லிட்டருக்கு 2 மில்லிகிராம் உயர்த்த 300 கிராம் பவுடர் தேவை. பவுடரை அப்படியே குளத்தில் தூவினால் சுண்ணாம்பே கலங்கலாகி வடிகட்டியை அடைக்கும். வாளியில் கரைத்து, அடியில் படியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றி, வண்டலைக் கொட்டிவிட வேண்டும். கடற்கரை ஈரக்காற்றில் திறந்துவைத்த பவுடர் விரைவில் வீரியம் இழக்கும். மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பது அவசியம்.

வெயிலும் குளோரினைத் தின்னும். பாதுகாப்பில்லாத குளோரினில் பாதி, உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சிதைந்துவிடும். அதனால் மருந்து போடும் நேரம் மாலை. லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் சயனூரிக் அமிலம் இருந்தால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். குளோரின் மாத்திரைகள் பலவற்றில் இது ஏற்கெனவே கலந்திருக்கிறது. மாத்திரையையே நம்பியிருந்தால் சயனூரிக் அமிலத்தின் அளவு 100-ஐத் தாண்டிக் குளோரினை மந்தமாக்கிவிடும். அதற்கு ஒரே வழி, தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுவது.

மோட்டாரின் கணக்கு

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் ஏறத்தாழ 45,000 லிட்டர் கொள்ளும். மணிக்கு 12,000 லிட்டர் தள்ளும் 1 குதிரைத்திறன் மோட்டார், மொத்தத் தண்ணீரையும் ஒரு சுற்று வடிகட்ட நான்கு மணி நேரம் எடுக்கும். ஒரு மணிக்கு 1 யூனிட் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 4 யூனிட். குடும்பத்தினர் மட்டும் குளிக்கும் வீட்டுக் குளத்துக்கு, மருந்து சரியாக இருந்தால், நாளுக்கு ஒரு சுற்று பெரும்பாலும் போதும். பலர் இறங்கும் குடியிருப்புக் குளத்துக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும்.

வேகத்தைக் குறைத்தால் கணக்கு மாறிவிடும். மோட்டாரின் வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீரின் அளவும் பாதியாகும். தேவைப்படும் மின்திறனோ எட்டில் ஒரு பங்காகும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் அதே தண்ணீருக்குக் கால் பங்கு மின்சாரமே கணக்குப்படி வரும். மோட்டாரிலும் மின்கட்டுப்பாட்டுக் கருவியிலும் ஏற்படும் இழப்புகளால் நடைமுறையில் ஒரு சுற்றுக்கு 1 யூனிட்டுக்குப் பதிலாக 1.5 யூனிட் ஆகலாம். அப்போதும் 4 யூனிட்டோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. அமெரிக்காவில் 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதி, நீச்சல் குள பம்புகளில் பெரும்பாலானவற்றை இந்த மாறுவேக வகைக்குத் திருப்பியது.

இந்தச் சேமிப்பு தமிழ்நாட்டில் கூடுதலாக எடுபடக் காரணம் படிநிலைக் கட்டணம். இரண்டு மாதக் கணக்கில் பயன்பாடு ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 601 முதல் 800 வரை யூனிட்டுக்கு ரூ.9.65, 801 முதல் 1,000 வரை ரூ.10.70, அதற்கு மேல் ரூ.11.80. குளம் தவிர்த்த செலவே 600 யூனிட் உள்ள வீட்டில், குளம் தின்னும் ஒவ்வொரு யூனிட்டும் இந்த மேல்படிகளில்தான் விழும். பழைய மோட்டாரில் நாளுக்கு இரண்டு சுற்று என்றால் 8 யூனிட், 60 நாளில் 480 யூனிட், கட்டணம் ரூ.5,014. அதே இரண்டு சுற்றைப் பாதி வேகத்தில் 3 யூனிட்டில் முடித்தால் 180 யூனிட், ரூ.1,737. மிச்சம் ரூ.3,277. மோட்டாரை மாற்றாமலே ஒரு சுற்றாகக் குறைத்தாலும் 240 யூனிட் மிஞ்சும்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது இணைப்புக்குப் படிநிலை கிடையாது; யூனிட்டுக்கு ஒரே விகிதமும், கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணமும் உண்டு. அங்கே மூன்று ஃபேஸ் மோட்டார் இருந்தால், மோட்டாரை மாற்றாமல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை மட்டும் பொருத்திக்கொள்ளலாம். வீடுகளில் உள்ள சாதாரண ஒற்றை ஃபேஸ் மோட்டாருக்கு அந்தக் கருவி பொருந்தாது. அங்கே மாறுவேக மோட்டாருக்கு மாற வேண்டும்; இல்லாவிட்டால் டைமர் போட்டு நேரத்தைக் கட்டுப்படுத்துவதே வழி.

குழாயும் வடிகட்டியும்

குழாய் குறுகலாக இருந்தால் மோட்டாரின் உழைப்பு உராய்விலேயே போய்விடும். அதே அளவு தண்ணீருக்கு ஒன்றரை அங்குலக் குழாயை இரண்டு அங்குலமாக்கினால் உராய்வு இழப்பு ஏறத்தாழ கால் பங்காகும். வடிகட்டியின் அழுத்தமானி, கழுவிய நிலையில் காட்டிய அளவைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ கூடினால் பேக்வாஷ் செய்ய வேண்டும். அதற்கு முன்னதாக அடிக்கடி கழுவினால் தண்ணீர்தான் வீண். மணலில் லேசாக அழுக்குப் படிந்திருக்கும்போது அது இன்னும் பொடியான துகள்களையும் பிடிக்கும்.

பாதி வேகத்தில் ஓடும்போது மேற்பரப்புத் தூசியை ஸ்கிம்மர் சரியாக இழுக்காமல் போகலாம். நாளில் ஒரு மணி நேரம் முழு வேகம் கொடுத்தால் மிதக்கும் கரும்படலம் போய்விடும். ஸ்கிம்மர் கூடையையும் பம்பின் முன்கூடையையும் தினமும் காலி செய்வதற்கு மின்சாரமே தேவையில்லை.

எப்போது ஓட்டுவது?

கூரைச் சூரியத் தகடு உள்ள வீடுகளில் பகல் பதினொன்று முதல் மூன்று மணி வரை மோட்டாரை ஓட்டுவது லாபம். 1 கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஒரு சுற்றுக்கு அது போதும். 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம் உண்டு. குளத்தில் விழும் சாம்பல் தகட்டிலும் படியும் என்பதால், தகட்டை அடிக்கடி கழுவாவிட்டால் உற்பத்தி குறையும். மாலையில் மருந்து போட்டதும் அது கலப்பதற்கு அரை மணி நேரம் மோட்டார் ஓடினால் போதும்.

மழைக்காலம்

வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் நீர்த்துப்போய்க் குளோரினும் காரத்தன்மையும் இறங்கும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் சோதனை தேவை. தெரு வெள்ளம் குளத்தில் புகுந்துவிட்டால் அது சாக்கடை கலந்த நீர் என்றே கொள்ள வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியது. எண்ணெய் கலந்த நீரை வடிகட்டிக்குள் விட்டால் மணல் முழுவதும் பாழாகும். மிதக்கும் எண்ணெயை முதலில் உறிஞ்சு விரிப்பால் எடுத்துவிட வேண்டும்.

ஆனால் மழைக்காலத்தில் குளத்தை அவசரப்பட்டு முழுமையாகக் காலி செய்யக் கூடாது. கடற்கரையோரத்தில் அப்போது நிலத்தடி நீர் தரையை ஒட்டி நிற்கும். உள்ளே தண்ணீரின் எடை இல்லாதபோது கீழிருந்து வரும் அழுத்தம் காங்கிரீட் தொட்டியையே தூக்கி விரிசல் விழச்செய்யும். சிறிது சிறிதாக மாற்றுவதே பாதுகாப்பு.

குளத்தை யாரும் பயன்படுத்தாத மாதங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்த மோட்டாரை முழுவதுமாக நிறுத்துவதும் தவறு. குளோரின் தீர்ந்த தண்ணீரில் சில நாளில் பாசி பிடிக்கும், கொசு முட்டையிடும். விரிப்பு போட்டு மூடி, வாரம் இருமுறை குளோரின் சோதித்து, நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் மோட்டாரை ஓட்டினால் போதும். பச்சையாகிவிட்ட குளத்தை மீட்க நாள் கணக்கில் ஓட்டுவதைவிட அது மலிவு.