கருவுள்ள முட்டையும் கழுவாத பிலிமும்
(இரண்டாம் ஆண்டு, கமர்ஷியல் பிராக்டிஸ்)



சுங்க இலாகா என்றதும் நம்மில் பலருக்கு சினிமாவில் வரும் தங்கக் கடத்தல்தான் ஞாபகத்துக்கு வரும். உண்மையில் அந்த இலாகாவின் அன்றாட வேலை வேறு. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் வந்து இறங்கும் ஒவ்வொரு சரக்கையும் பார்த்து, "இது என்ன பொருள்? இதற்கு என்ன எண்?" என்று கேட்பதுதான் அது. கேள்வி சுலபமானது. பதில் எவ்வளவு சிக்கலாக முடியும் என்பதைக் காட்ட ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். படம் எடுத்து முடித்த, ஆனால் இன்னும் கழுவாத போட்டோ பிலிம்!

முதலில் இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 1983-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஓர் உலக ஒப்பந்தம் உருவானது. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஹார்மனைஸ்டு சிஸ்டம் என்று பெயர்; சுருக்கமாக எச்.எஸ். உப்பு முதல் கப்பல் வரை எல்லாப் பொருளையும் 21 பிரிவுகளில், 97 அத்தியாயங்களில் அடக்கியிருக்கிறார்கள். முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு இலக்கம் தலைப்பு, ஆறு இலக்கம் உட்தலைப்பு. இந்த ஆறு இலக்கம் வரை உலகம் பூராவும் ஒன்றுதான். அதற்கு மேல் அந்தந்த நாட்டின் விருப்பம். நம் நாட்டில் எட்டு இலக்கம்.

போட்டோ சாமான்களுக்கு 37-ஆவது அத்தியாயம். அதில் பிலிமின் வாழ்க்கையை மூன்று பருவமாகப் பிரித்திருக்கிறார்கள்.

1. ஒளி படாத புது பிலிம். தட்டையானது 3701, சுருள் 3702, போட்டோ பேப்பர் 3703.

2. ஒளி பட்டது, ஆனால் கழுவாதது. தட்டை, சுருள், பேப்பர் எதுவானாலும் எல்லாம் ஒரே தலைப்பு: 3704.

3. ஒளி பட்டுக் கழுவியும் முடித்தது. சாதாரண பிலிம் 3705, சினிமா பிலிம் 3706.

இதில் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள், கவனியுங்கள். போட்டோ பேப்பரைக் கழுவி முடித்தால் அது 37-ஐ விட்டே போய்விடும். அது இனிமேல் 'படம்'. அச்சுப் பொருள்களுக்கான 49-ஆவது அத்தியாயத்தில் 4911 என்ற தலைப்புக்குக் குடி மாறிவிடும்.

மெக்கானிக்கல் நண்பர்கள் "இது நமக்கில்லை" என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். வெல்டிங் ஜாயிண்டில் ஓட்டை, விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறோமே, அந்தத் தட்டை பிலிமுக்கும் இதே கதைதான். புதிதாக இருக்கும்போது 3701, எக்ஸ்ரே பட்டதும் 3704, கழுவிய பிறகு 3705.

அது சரி, நடுவில் எதற்கு ஒரு தனித் தலைப்பு? ஒன்று புது பிலிம், இன்னொன்று படம் என்று விட்டுவிட்டால் போதாதா?

போதாது. காரணம் பிலிமுக்குள்ளேயே இருக்கிறது. பிலிமின் மேல் ஜெலட்டின் பூச்சில் வெள்ளி ஹாலைடு துகள்கள் இருக்கின்றன. ஒளி பட்ட துகளில் ஒரு சில வெள்ளி அணுக்கள் மட்டும் பிரிந்து ஒன்று சேர்கின்றன. அவ்வளவுதான் மாற்றம்! கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. டெவலப்பர் கரைசலில் போட்டால்தான் அந்தச் சில அணுக்களைப் பிடித்துக்கொண்டு முழுத் துகளும் கருப்பு வெள்ளியாக மாறும். அதுவரை படம் உள்ளே உறங்குகிறது. எத்தனை நாள் உறங்கும்? 1897-ல் ஸ்வீடன் நாட்டு ஆந்த்ரே என்பவர் இரண்டு தோழர்களுடன் பலூனில் வடதுருவம் போகப் புறப்பட்டு, மூவருமே பனியில் இறந்துபோனார்கள். 1930-ல் அவர்களுடைய முகாமும் பிலிம் சுருள்களும் கிடைத்தன. 33 வருஷம் கழித்துக் கழுவியும் 93 படங்கள் தேறின.

ஆக, 3704-ல் வரும் சரக்கைப் புது பிலிமாக மறுபடி உபயோகிக்க முடியாது. படமாகப் பார்க்கவும் முடியாது. கச்சாப் பொருளும் இல்லை, முடிந்த பொருளும் இல்லை. அதனால்தான் தனி இடம். மெமரி கார்டை ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தலைப்பு 8523 ஒன்றுதான். அழித்துவிட்டுத் திரும்ப எடுக்கலாமே! பிலிமுக்கு அந்த வசதி கிடையாது.

இப்போது அசல் சிக்கலுக்கு வருவோம். இதை எப்படிச் சோதிப்பது?

கோழி முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டோடு இருக்கும் முட்டைக்கு 0407, உயிருள்ள குஞ்சுக்கு 0105. அடைகாக்க அனுப்பும் கருவுள்ள முட்டைக்கு 0407-க்கு உள்ளேயே தனி உட்தலைப்பு. வெளியே பார்த்தால் எல்லா முட்டையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் நம் அம்மாக்கள் அடை வைத்த முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கூமுட்டையா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். கழுவாத பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் என்ன ஆகும்? பார்த்த மறுவிநாடியே எல்லாம் பாழ். சோதனையே சரக்கைக் கொன்றுவிடும்! விமான நிலைய ஸ்கேனரும், முக்கியமாகப் பெரிய லக்கேஜை ஊடுருவும் பலமான எக்ஸ்ரே கருவி, பிலிமில் மூட்டம் போட்டுவிடும்.

2010-ல் நடந்ததைச் சொல்கிறேன். கோடாக்ரோம் என்ற பிலிமை 1935 முதல் விற்ற கோடக் கம்பெனி, 2009-ல் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. கடைசி ரோலை ஸ்டீவ் மெக்கரி என்ற புகைப்படக்காரரிடம் கொடுத்தார்கள். 36 படம்தான். அவர் நியூயார்க், இந்தியா, துருக்கி என்று சுற்றி எடுத்தார். அந்த பிலிமைக் கழுவ அப்போது உலகத்திலேயே மிஞ்சியிருந்தது அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சின்ன ஊரில் இருந்த ஒரே ஒரு லேப். கழுவாத ரோலை அவரே கையோடு அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். வழியில் யாராவது "உள்ளே என்ன, திறந்து காட்டு" என்று டப்பாவைத் திறந்திருந்தால்? திரும்ப எடுக்கலாம் என்றால் அந்த பிலிமின் தயாரிப்பே நின்றுபோயிருந்தது.

அப்படியானால் அதிகாரி எதை நம்புவது? பேப்பரைத்தான்! டப்பாவின் மேல் ஒட்டிய டேப், அதில் எழுதிய "கழுவாதது, இருட்டில் மட்டும் திறக்கவும்" என்ற வரி, கூட வரும் இன்வாய்ஸ், நாம் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி. கட்டாயம் திறந்துதான் ஆக வேண்டும் என்றால் இருட்டறையிலோ, கை நுழைக்கும் கருப்புப் பைக்குள்ளோ திறக்கச் சொல்லிக் கேட்கலாம். 1962-ஆம் வருடத்துச் சுங்கச் சட்டம் 46-ஆம் பிரிவின்படி, பில் ஆஃப் என்ட்ரியில் எழுதியது உண்மை என்று இறக்குமதி செய்பவர் உறுதிமொழி தர வேண்டும். 2011 முதல் எண்ணையும் வரியையும் முதலில் அவரேதான் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். தெரிந்தே பொய் எழுதினால் 114ஏஏ பிரிவின்படி சரக்கின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம்.

எங்க அப்பா லாரி ஷெட்டில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது. பெட்டி மேல குடை படம் இருந்தா நனையக் கூடாது, கண்ணாடி டம்ளர் படம் இருந்தா உடையும் என்று தெரிந்து வைத்திருக்கிறார். இந்தப் பாடத்தை வீட்டில் சொன்னபோது, "அந்த பிலிம் டப்பாவுக்கு என்ன படம் போட்டிருப்பான்?" என்று கேட்டார். நான் யோசித்தேன். எழுத்துதான் இருக்கும்பா என்றேன். "அப்போ எழுதுறவன் சரியா எழுதணும். தூக்குறவனுக்கு என்ன தெரியும்?" என்றார்.

பரீட்சைக்கு 3704 என்று மனப்பாடம் பண்ணினால் இரண்டு மார்க் வரும். ஆனால் நாளைக்கு ஏதாவது ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த எட்டு இலக்கத்தைத் தட்டப் போவது நாம்தான். அவசரத்தில் 3702 என்று தட்டினால் அது வெறும் புது பிலிம் ஆகிவிடும். உள்ளே படம் உறங்குவது யாருக்கும் தெரியாது. ஆகவே நண்பர்களே, எண்ணைத் தட்டுவதற்கு முன்பு மூன்று கேள்வி கேளுங்கள். ஒளி பட்டதா? கழுவியதா? பேப்பரா, பிலிமா? சரக்கு அனுப்பியவரிடம் போன் போட்டாவது கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்பிறகு எழுதுங்கள்.