ஒளிக்கதிரால் வேகம் அளத்தல்: சாலைக் காவலில் யந்திரத்தின் இடம்

தாணேக் கழியின் கிழக்குக் கரையில், நவி மும்பையின் வடபகுதியில், ஐரோலி அமைந்துள்ளது. முலுண்டிலிருந்து கழியைக் கடந்து வரும் பாலம் 1999 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபின், இவ்வூர் மும்பைக்கு ஒரு வாயிலாயிற்று. தாணே–பேலாப்பூர் சாலை இதனூடே வடக்குத் தெற்காகச் செல்கிறது. அதன் ஒரு மருங்கில் குடியிருப்புகளும் பள்ளிகளும், மறு மருங்கில் பார்சிக் குன்றின் அடிவாரம் வரை தொழிற்பேட்டையும் உள்ளன. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய இடங்களிலிருந்து இடம் பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் இப்பக்கத்தில் வாழ்கின்றன. கலம்போலியை அடைந்து பூனா விரைவுச் சாலையைப் பிடிக்க விரையும் சரக்கு லாரியும், பையைத் தோளில் மாட்டிப் பள்ளிக்குப் போகும் சிறுவனும் இங்கு ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்பங்கீட்டில் தோற்பவன் எவன் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவற்றுள் நூற்றுக்கு 71 மரணங்களுக்கு அளவு மீறிய வேகமே காரணமெனக் குறிக்கப்பட்டது. வேகம் சற்றே கூடினாலும் தீங்கு மிகுதியாகக் கூடுவதன் காரணம் பள்ளிப் பாடத்திலேயே உள்ளது. இயங்கும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 80 கி.மீ. வேகத்தை எய்துமாயின், வேகம் மூன்றில் ஒரு பங்கே கூடுகிறது. மோதும் ஆற்றலோ ஏறக்குறைய நூற்றுக்கு 78 கூடிவிடுகிறது.

ஆகவே வேகத்தை அளந்தறிய வேண்டும். எவ்வாறு அளப்பது?

ஆசிரியர்கள் மாணவருக்கு இதனை எளிதில் விளக்கலாம். சாலையோர நடைபாதையில் பாதுகாப்பாக நின்றுகொண்டு, 60 மீட்டர் இடைவெளியுள்ள இரு விளக்குக் கம்பங்களுக்கிடையே ஒரு வண்டி கடக்கும் நேரத்தைக் கடிகாரங்கொண்டு குறிக்கச் செய்க. நேரம் 4 வினாடியாயின் வேகம் மணிக்கு 54 கி.மீ. ஆனால் கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 வினாடி முந்தினாலோ பிந்தினாலோ, விடை 51 முதல் 57 வரை எங்கும் விழக்கூடும். ஒருவருக்கு அபராதம் விதிக்க இது போதாது என்பதை மாணவரே கண்டுகொள்வர்.

ஒளிக்கதிர்க் கருவி இதே கணக்கைத்தான் செய்கிறது. விரலுக்குப் பதில் ஒளியைப் பயன்படுத்துகிறது. லேஸர் 1960 ஆம் ஆண்டில் முதன்முதலாக ஆய்வுக் கூடத்தில் ஒளிர்ந்தது. வேகம் அளக்கும் கருவியில் உள்ளது கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு லேஸர். அது வினாடிக்கு நூற்றுக்கணக்கான நுண்துடிப்புகளாக வெளிப்பட்டு, வண்டியின் மீது பட்டுத் திரும்புகிறது. 300 மீட்டர் தொலைவிலுள்ள லாரியை நோக்கி விடப்பட்ட துடிப்பு போய்வர வினாடியில் பத்து லட்சத்தில் இரு பங்கு நேரம் ஆகும். லாரி மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் நெருங்கி வருவதாகக் கொள்வோம். 0.3 வினாடியில் அது 6 மீட்டர் முன்னேறியிருக்கும். அப்பொழுது விடப்படும் துடிப்பு முன்னதைவிட விரைவில் திரும்பும். எவ்வளவு விரைவில் எனின், ஒரு வினாடியை நூறு கோடிக் கூறாக்கினால் அவற்றுள் 40 கூறு! இத்தகைய ஒரு கூறில் ஒளி செல்லும் தூரம் ஒரு முழத்துக்கும் குறைவு. ஏறத்தாழ 30 செ.மீ. இத்துணைச் சிறிய காலத்தைப் பிழையின்றி எண்ணும் மின்னணுக் கடிகாரமே கருவியின் உயிர்நாடி. லேஸர் அதற்குத் துணை என்றே கூறலாம்.

கதிர் 300 மீட்டர் தொலைவில் ஒரு மீட்டருக்குட்பட்ட அகலமே விரியும். ஆதலால் நெருக்கமான போக்குவரத்திலும் குறிப்பிட்ட ஒரு வண்டியைத் தனித்துக் குறி வைக்க இயலும். நுண்ணலையால் இயங்கும் ராடாரின் கற்றை இதனினும் மிக அகன்றது. பக்கத்தில் ஓடும் பேருந்தின் எதிரலையும் அதில் கலந்துவிடலாம். இரண்டுக்கும் உள்ள முக்கிய வேற்றுமை இதுவே.

இனி, பிழைகள். கருவி சாலைக்கு நேராக நில்லாமல் ஓரத்திலிருந்து சாய்வாக நோக்கினால், காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிடக் குறைந்தே இருக்கும். 10 பாகைச் சாய்வில் 100 கி.மீ. வேகம் 98.5 ஆகத் தோன்றும். இப்பிழை ஓட்டுநருக்குச் சாதகமானது. எனவே அதைப்பற்றி எவரும் முறையிடுவதில்லை. மற்றொரு பிழை அவ்வாறன்று. கருவியைப் பிடித்த கை நடுங்கி, கதிர் முகப்புக் கண்ணாடியிலிருந்து எண் பலகைக்கு வழுக்கி இறங்குமாயின், வண்டியின் நீளத்தில் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட பகுதி "பயணம்" எனக் கணக்காகிவிடும். 0.3 வினாடியில் 1.2 மீட்டர் வழுக்கினால் மணிக்கு 14 கி.மீ. கூடுதலாகக் காட்டக்கூடும். நல்ல கருவிகள் துடிப்புகளின் வரிசையை ஒப்பிட்டு, சீரற்றவற்றைத் தள்ளிவிடுகின்றன. எனினும் கருவியைத் தாங்கியில் அசையாது பொருத்துவதே முறை.

வேகம் அளக்கும் காமிராக்களின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. அவற்றைப் பரப்பிய டச்சு நாட்டினர் கட்சோனைட்ஸ் 1953 ஆம் ஆண்டு மான்டி கார்லோ மோட்டார் பந்தயத்தில் வென்றவர். வளைவுகளில் தம் வண்டி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறதென்று அறிந்து, இன்னும் விரைந்து ஓட்டவே அவர் அளவுக் கருவி செய்யப் புகுந்தார்.

இந்தியாவில் இக்கருவிகளுக்குச் சட்ட வலிமை தந்தது 2019 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம். அதன் 136அ பிரிவு மின்னணுக் கண்காணிப்புக்கு வழி செய்தது. இலகு வண்டிகளின் வேக மீறலுக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 வரையும் உயர்ந்தது. 2021 ஆகஸ்டில் வந்த விதிகள் கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டுமென்றும், காமிரா உள்ளதை ஓட்டுநர்க்கு முன்னறிவிக்கும் பலகை வேண்டுமென்றும், குற்ற அறிவிப்பு 15 நாட்களுக்குள் அனுப்பப்பட வேண்டுமென்றும் கூறின. இப்பிரிவைச் செயற்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2024 ஆம் ஆண்டில் மாநிலங்களை வற்புறுத்தியது. அவ்வழக்கை 2012 இல் தொடுத்தவர் கோயமுத்தூர் எலும்பு முறிவு மருத்துவ நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் என்பது தமிழர் அறிந்து மகிழத்தக்கது. மும்பை–பூனா விரைவுச் சாலையில் 2024 ஜூலையில் தானியங்கி முறை இயங்கத் தொடங்கிற்று. அங்கு இரு வளைவுத் தூண்களுக்கிடையே வண்டி எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு சராசரி வேகமும் கணிக்கப்படுகிறது. காமிராவைக் கண்டதும் தடையை மிதித்து, கடந்ததும் விரையும் வழக்கம் அங்கே பலிக்காது.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. 2025 ஜூலைத் தொடக்கத்தில் மகாராஷ்டிர சரக்குப் போக்குவரத்தாளர்கள் மின்னணு அபராதங்களை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்தனர். சரக்கை ஏற்ற இறக்க நிறுத்தவும் இடமில்லாத நகரில் நிறுத்தியதற்கு அபராதம் விதிப்பது எவ்வாறு நியாயம் என்பது அவர்தம் கேள்வி. அதில் உண்மை உண்டு. ஆனால் அது நிறுத்துமிடத்தைப் பற்றிய குறை, வேக அளவையைப் பற்றியதன்று. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதால் வேகக் காமிராவின் உண்மையான குறைகள் மறைந்துபோகின்றன. கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் 726 காமிராக்கள் அபராதம் விதிக்கலாயின. அவற்றுள் வேகத்தை அளப்பன மிகச் சிலவே. பெரும்பான்மை தலைக்கவசத்தையும் இருக்கைப் பட்டையையும் நோக்குவன. ஆயினும் ஊரார் வாயில் எல்லாம் ஒரே "காமிரா"தான்.

யந்திரம் பிழை செய்யாது என்பாரும் உளர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் சிவப்பு விளக்கில் நின்றிருந்த ஒரு காருக்கு வேக அபராதம் வந்த செய்தி 2012 இல் வெளியாயிற்று. அதையடுத்து 2013 இல் அந்நகரின் காமிராக்கள் நிறுத்தப்பட்டன. பிரான்சிலோ 2018–19 கிளர்ச்சியின்போது நாட்டின் வேகக் காமிராக்களில் பாதிக்கு மேற்பட்டவை சேதப்படுத்தப்பட்டன. அளவையில் நம்பிக்கை இழந்தாலும், அபராதத்தை வரியென மக்கள் கருதத் தொடங்கினாலும், விளைவு ஒன்றே.

மாட்டுங்கா சந்தையில் காய்கறி நிறுக்கும் தராசுக்கு எடையளவுத் துறையின் முத்திரை இல்லையெனில் வியாபாரி தண்டிக்கப்படுவார். அதே வியாபாரியின் வண்டியின் வேகத்தை அளக்கும் ராடாருக்கு அத்தகைய பரிசோதனையும் முத்திரையும் கட்டாயமென்ற மத்திய விதிகள் 2025 ஜூலை 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தன. இவ்வளவு காலதாமதம் ஏற்பட்டிருக்க வேண்டியதில்லை. ஒளிக்கதிர்க் கருவியிடமும் அதே கண்டிப்பை எதிர்பார்ப்பது முறையேயாகும்.

களப் பணியாளரிடம் அபராத அறிவிப்பைக் காட்டி யோசனை கேட்போர் உண்டு. முதலில் படத்திலுள்ள வண்டியும் எண்ணும் தம்முடையனவா என்று அவர்கள் பார்க்க வேண்டும். அழுக்கேறிய பலகையிலும், அலங்கார எழுத்திலும், ஓர் இலக்கத்தை மற்றொன்றாகக் காமிரா படிப்பதுண்டு. அடுத்து இடம், தேதி, நேரம், அளந்த வேகம் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளனவா என்று நோக்க வேண்டும். ஐயம் இருப்பின் அபராதத்தைச் செலுத்துமுன் முறையீடு செய்துகொள்ளலாம். வண்டியின் பதிவேட்டில் தம் செல்பேசி எண்ணை அவ்வப்போது திருத்தி வைப்பதும் அவசியம். பழைய எண் இருப்பின், அறிவிப்பு வேறெவருக்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.