சோறும் குடலும் சுரப்பும்

சென்ற தை மாதத்தில் காரைக்குடியை அடுத்த ஒரு சிற்றூரில் உறவினர் இல்லத் திருமணத்திற்குச் சென்றிருந்தோம். பகற் பந்தியில் எமக்கருகே அமர்ந்திருந்தவர் எம் பெரிய தந்தையார். பல்லாண்டுகளாக நீரிழிவு நோயால் வருந்துபவர். சோறு படைக்க வந்தவரைக் கையமர்த்தி, “சோறு எனக்கு விஷம், அப்பா, மூன்று நாளாக அதைத் தொடவில்லை,” என்று கூறிச் சிறிது காய்கறியோடு எழுந்துவிட்டார். சோற்றை விட்டவர் மாத்திரையை விட்டாரல்லர். அன்று காலையிலும் அதனை வழக்கம்போல் உட்கொண்டிருந்தார். பிற்பகலில் வளவுத் தூணருகே மேனி வியர்த்துக் கைகள் நடுங்கச் சாய்ந்தார். நினைவு தவறாதிருந்தமையால், அவ்வீட்டு ஆச்சி ஒருவர் விரைந்து சர்க்கரை நீர் பருகுவிக்க, கால் மணி நேரத்தில் தெளிந்தார்.

சோற்றை விட்டால் நோய் தீரும் என்று அவருக்கு நண்பர் யாரோ கூறியிருக்கின்றனர். அக்கூற்றிற் பாதி உண்மை உண்டு; மற்றப் பாதியை அறியாமையே அவரை வீழ்த்தியது. சோறு விஷமா? அன்றெனின், அதனைக் குறைக்குமாறு வைத்தியர் கூறுவது ஏன்? குடலுக்கும் ஹார்மோன் எனப்படும் சுரப்புகளுக்கும் இதில் யாது தொடர்பு? இவற்றை ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது ஒருவர் வீட்டுச் செய்தியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நிகழ்ந்த பேராய்வின் முடிபு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் நீரிழிவுடையோர் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர்; வயது வந்தோருள் நூற்றுக்கு 11 பேருக்கு மேல். தமிழ்நாட்டிலோ அத்தொகை நூற்றுக்கு 14 அளவினது. ஆதலின் இதனை வாசிக்கும் மாணாக்கர் பலருடைய இல்லங்களில் இந்நோய் முன்னரே குடிபுகுந்திருக்கும் எனின் மிகையாகாது.

மாவுச்சத்தின் வழி

நாம் உண்ணும் அரிசியில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து. புரதம் 8 கிராமளவே. மாவுச்சத்தாவது சர்க்கரையின் அணுத்திரள்கள் சங்கிலிபோற் கோக்கப்பட்டதோர் பொருள். வாயிலும் சிறுகுடலிலும் அச்சங்கிலி அறுபட்டு, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தை அடைகின்றது. நம் உடலில் ஓடும் இரத்தம் முழுவதிலும் எந்நேரமும் இருக்கவேண்டிய சர்க்கரை ஐந்து கிராமுக்கு மேற்படாது. அஃதாவது ஒரு தேக்கரண்டி அளவே. ஒரு வேளைச் சோற்றினின்று எழுவதோ அதனைப்போற் பதின்மடங்குக்கு மேற்பட்டது. இவ்வெள்ளத்திற்கு மடைகோலி, தசைகளிலும் ஈரலிலும் கொண்டு சேர்க்கும் மேஸ்திரியே கணையத்தினின்று சுரக்கும் இன்சுலின். அது 1921-ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்பவர்களாற் பிரித்தெடுக்கப்பட்டது. 1922-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர் வைத்தியர் கையிலிருந்த ஒரே கருவி உணவில் மாவுச்சத்தைக் குறைப்பதே. ஆகவே இந்நாளிற் புதுமையாகப் பேசப்படும் இவ்வுணவுமுறை உண்மையிற் பழமையானதே.

வேளைதோறும் மிகுந்த மாவுச்சத்தை உண்டு, உடலுழைப்பின்றி இருப்பவர்க்கு நிகழ்வதென்ன? ஈரலும் தசையும் நிறைந்துவிடவே, மிஞ்சியது கொழுப்பாகி வயிற்றைச் சூழ்ந்தும் ஈரலினுள்ளும் படிகின்றது. அந்நிலையில் உறுப்புகள் இன்சுலினின் ஏவலுக்குச் செவிசாய்ப்பதில்லை. கணையம் மேன்மேலும் சுரந்து சுரந்து முடிவிற் களைத்துப்போகின்றது. அக்களைப்பே நீரிழிவாக வெளிப்படுவது. நம் நாட்டினர் மேலுக்கு மெலிந்து காணப்பட்டும் வயிற்றுக் கொழுப்பு மிக்கவராதலால், இளவயதிலேயே இத்துன்பத்துக்கு ஆளாகின்றனர்.

ஒரு சுரப்பு மிகுவது பிறவற்றையும் கலக்கும். மிகுந்த இன்சுலின் பெண்களின் சினைப்பையைத் தூண்டி, ஆண்மைக்குரிய ஹார்மோனை அளவுக்கு மேற் சுரக்கச் செய்வதுண்டு. அதனால் மாதவிடாய் தவறுவதும், முகத்தில் மயிர் அரும்புவதும் நேர்கின்றன. இளமங்கையர் பலரை வருத்தும் சினைப்பை நீர்க்கட்டி நோயின் ஒரு பெருங்காரணம் இதுவே. அத்தகையோர் உணவைத் திருத்தியும் உடல் எடையைச் சிறிது குறைத்தும் நலம் பெறுவதுண்டு. எனினும் ஹார்மோன்கள் அனைத்தையும் ஓர் உணவு சமன்செய்துவிடும் என்பாரை நம்புதல் கூடாது. தைராய்டுக் குறைக்கு மருந்து வேறே.

குடலும் ஒரு சுரப்பியே

குடலை வெறுங்குழாய் என்றெண்ணுவார் பலர். ஆயின், ஹார்மோன் என்று முதன்முதல் அறியப்பட்ட பொருளே குடலினின்று கிடைத்தது என்பதை அவர் அறியார். 1902-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இரு ஆசிரியர்கள், சிறுகுடலின் மேற்பகுதி செக்ரிடின் என்னும் சுரப்பை இரத்தத்தில் விடுத்துக் கணையத்தைத் தூண்டுகின்றது எனக் காட்டினர். ஹார்மோன் என்னும் பெயரை 1905-ஆம் ஆண்டில் வழங்கியவரும் அந்த ஸ்டார்லிங்கே.

பின்னர் மற்றொரு வியப்பு வெளியாயிற்று. ஒரே அளவு சர்க்கரையை இரத்தக் குழாயிற் செலுத்துவதைவிட வாயால் உண்ணும்போது இன்சுலின் மிகுதியாகச் சுரக்கின்றது. குடலானது, “உணவு வருகின்றது, ஆயத்தமாயிரு,” என்று கணையத்துக்கு முன்னரே தூது விடுப்பதே இதற்குக் காரணம். அத்தூதருள் தலையாயது ஜி.எல்.பி.-1 என்பது. அஃது இன்சுலினைத் தூண்டும். இரைப்பை விரைந்து காலியாகாதபடி தடுக்கும். மூளைக்கு ‘போதும்’ என்னும் உணர்வை அளிக்கும். இந்நாளில் எடை குறைக்கப் பெருவிலைக்கு விற்கப்படும் ஊசிமருந்துகள் இத்தூதரின் சாயலாகச் செய்யப்பட்டவையே.

இத்தூதரைப் பணமின்றி எழுப்பும் வழியும் உண்டு. நம் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நமக்குச் செரியாத நார்ப்பொருளே அவற்றுக்கு உணவு. கீரை, காய், பயறு, தவிடு நீங்காத தானியம் ஆகியவற்றின் நார் அங்குச் சென்று புளிக்கும்போது, பியூட்டிரிக் முதலிய சிறு அமிலங்கள் தோன்றுகின்றன. அவை குடற்சுவருக்கு உரமளிப்பதோடு, அங்குள்ள அணுக்களை ஜி.எல்.பி.-1 சுரக்குமாறும் தூண்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் நாள்தோறும் 25 கிராமேனும் நார் வேண்டும் என்கின்றது. வெள்ளைச் சோறும் தெளிந்த ரசமும் மட்டும் உண்பவர் அவ்வளவை எட்டுவதெங்ஙனம்?

செட்டிநாட்டுத் தானியங்கள்

செட்டிநாட்டுச் சீமை பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். பொய்த்தால் வரகும் கேழ்வரகும் குதிரைவாலியும். நெல்லாயினும் உரலில் உலக்கையாற் குத்தப்பட்டமையின் தவிடு முற்றும் நீங்குவதில்லை. இயந்திர ஆலைகள் வந்தபின்னர் அரிசி முத்துப்போல் வெளுத்தது. அதன் சத்தும் உடன் வெளுத்தது. தீட்டிய அரிசியே பெரிபெரி நோய்க்குக் காரணமாதலை ஜாவாத் தீவிற் கோழிகளை ஆராய்ந்து வழிகாட்டிய ஐக்மன் என்பார் 1929-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். நம் மாகாணத்துக் குன்னூரில் மக்காரிசன் துரை, இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவுகளை எலிகளுக்கு அளித்துப் பார்த்தார். கோதுமை, பால், பயறு, காய்கள் அடங்கிய வடநாட்டு உணவில் எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியே மிக்க சென்னை மாகாண உணவிலோ மெலிந்தன. அன்று கண்ட குறை வைட்டமின் பற்றியது. இன்று காணும் கேடு மாவுச்சத்தின் மிகை பற்றியது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: இலையிற் சோறு மலையாகவும் பிற கறிகள் கடுகாகவும் இருப்பது.

இங்கே கவுனி அரிசியைப் பற்றிக் கூறாதிருத்தல் இயலாது. நகரத்தார் பர்மா நாட்டிற் கொண்டுவிற்றுப் பொருளீட்டிய காலத்தில் அவ்வழியாக இக்கருநிற அரிசி செட்டிநாட்டு விருந்திற் புகுந்தது என்பர். அதன் மேற்றோலில் ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருளும் நாரும் உண்டு. ஆயின் நம் இல்லங்களில் அதனை எப்படி உண்கின்றோம்? குழைய வேகவைத்துச் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்தன்றோ! தோலின் நன்மையைச் சர்க்கரை விழுங்கிவிடுகின்றது. கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், சீயம் முதலிய பலகாரங்களும் திருவிழாவுக்கு அழகே; நாள்தோறும் மாலைச் சிற்றுண்டியாதற்கு உரியவை அல்ல.

செய்யத்தக்கது யாது?

மேற்சொன்ன பேராய்வின் அறிஞர்கள், 18,000-க்கு மேற்பட்டோருடைய உணவை ஆராய்ந்து, 2022-ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டனர். நாம் பெறும் உணவுச் சக்தியில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் மாவுச்சத்தினின்றே வருகின்றது. புதிதாக நீரிழிவு கண்டவர் அதனை ஐம்பது அளவுக்குக் குறைத்து, புரதத்தை இருபது அளவுக்கு உயர்த்தினால், நோய் தணிதற்கு இடமுண்டு என்று கணித்தனர். ஆகவே சோற்றை அறவே துறத்தல் வேண்டா. குவியலைக் குறைத்தல் போதும்.

அவர்களே 2025-ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு முடிபு நம்மவர் பலரை வியப்பிலாழ்த்தும். அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் நோய்ப்பயம் குறைவதில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவு குறைந்து, அவ்விடத்திற் பயறு, பால் முதலியவற்றின் புரதம் புகும்போதே பயன் உண்டு. ஒரு தட்டுச் சோற்றுக்கு ஈடாக ஐந்து சப்பாத்தி உண்பவர் யாதும் பெற்றிலர்! கேழ்வரகில் நார் மிகுதியே. ஆயினும் நூறு கிராமில் 67 கிராமளவு மாவுச்சத்து அதிலும் உண்டு.

எனவே இலையை இவ்வாறு வகுத்துக்கொள்க. பாதி இலை கீரைக்கும் காய்க்கும் ஆகுக: வாழைப்பூ, அவரை, வெண்டைக்காய் மண்டி முதலியன. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றுக்கு. எஞ்சிய காலே சோற்றுக்கு. காயையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்பார்க்குச் சர்க்கரை அத்துணை விரைவாக ஏறுவதில்லை என்பதும் கண்டறியப்பட்டுள்ளது. உண்டபின் சிறிது தூரம் நடத்தல் நன்று.

பழையது பற்றியும் ஒரு சொல். இரவெல்லாம் நீரில் ஊறிப் புளித்த சோற்றில் நலந்தரும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. ஆறிய சோற்றின் மாவுச்சத்திற் சிறுபகுதி செரியாது பெருங்குடலை அடைந்து அவற்றுக்கு உணவாகின்றது. சென்னை ஸ்டான்லி அரசினர் மருத்துவக் கல்லூரியார் இதனைக் குடல் நோயாளர்க்குப் பயன்படுத்துவது குறித்து ஆராய முற்பட்டனர். ஆயினும் பழையதும் சோறே. நீரிழிவுடையார் அதன் அளவை மறத்தல் ஆகாது.

இனி எச்சரிக்கை. இன்சுலின் ஊசியோ, கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ கொள்பவர் மருந்தின் அளவை மாற்றாது சோற்றை மட்டும் நிறுத்தின், இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே இடையூறு நேரலாம். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது; உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. கருவுற்றோர், சிறுநீரக நோயுடையோர், வளரும் பிள்ளைகள் ஆகியோர் வைத்தியரைக் கேளாது உணவை மாற்றுதல் தகாது. சோற்றைக் குறைத்த இடத்தில் நெய்யையும் கொழுத்த இறைச்சியையும் நிரப்புவதும் அறிவுடைமையன்று.

எம் பெரிய தந்தையார் மறுவாரமே வைத்தியரைக் கண்டார். மாத்திரை குறைக்கப்பட்டது. இப்போது பகலில் ஒரு கிண்ணம் சோறு, இரு கிண்ணம் காய், ஒரு கிண்ணம் பயறு உண்கின்றார். “விஷம் சோற்றில் இல்லை, அப்பா, அளவில் இருந்தது,” என்று அவரே கூறக் கேட்டோம். திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் பத்துப் பாக்களுள் ஆறனை உணவின் அளவுக்கே ஒதுக்கியதன் கருத்தும் இதுவன்றோ!

மாணாக்கர்காள்! விடுமுறைக்கு இல்லம் செல்லும்போது உங்கள் தாய் தந்தையர் இலையை ஒருமுறை உற்று நோக்குங்கள். அவர்கள் கொள்ளும் மாத்திரை எத்தகையது என்பதைக் கேட்டறியுங்கள். கல்லூரியிற் கற்ற கல்வி முதலிற் பயன்பட வேண்டிய இடம் நம் வீட்டு அடுக்களையே.